வால் எந்தப் பக்கம்?

இத்தாலியின் தென்கிழக்குக் கடலோரத்தில் உள்ளது பாரி நகரம். அங்குள்ள பல்கலைக்கழகத்தின் கால்நடை மருத்துவத் துறையினர் நாய்களுக்காக ஒரு பெரிய மரப்பெட்டி செய்தார்கள். பெட்டியின் ஒரு பக்கத்தில் மட்டும் ஒரு திறப்பு. அதன் வழியே நாய் வெளியே பார்க்கலாம். உச்சியில் வீடியோ கேமரா, நாயின் முதுகும் வாலும் நேர் மேலிருந்து தெரியும்படி. உள்ளே விடப்பட்டவை வீடுகளில் வளரும் 30 நாய்கள். திறப்புக்கு எதிரே ஒரு நிமிடம் வீதம் நால்வர் காட்டப்பட்டார்கள்: நாயை வளர்ப்பவர், முன்பின் தெரியாத ஒரு மனிதர், ஒரு பூனை, பிறகு பெல்ஜிய மாலினுவா இனத்தைச் சேர்ந்த, மிடுக்கான ஓர் ஆண் நாய். ஒரு காட்சிக்கும் அடுத்ததற்கும் நடுவே சற்று ஓய்வு.

பிறகு வீடியோவைக் காட்சி காட்சியாக நிறுத்தி, வால் முதுகெலும்பின் கோட்டிலிருந்து இடப்பக்கம் எத்தனை பாகை விலகுகிறது, வலப்பக்கம் எத்தனை பாகை விலகுகிறது என்று அளந்தார்கள். வளர்ப்பவரைக் கண்டபோது வால் அகல வீசியது. அந்த வீச்சு வலப்பக்கம் சாய்ந்திருந்தது. தெரியாத மனிதரைப் பார்த்தபோதும் வலப்பக்கமே, ஆனால் வீச்சு குறைவு. பூனையைக் கண்டபோது வால் கொஞ்சம்தான் அசைந்தது. அந்தக் கொஞ்சமும் வலப்பக்கம்தான். மாலினுவா வந்து நின்றதும் சாய்வு இடப்பக்கம் மாறியது. எதிரே யாருமே இல்லாமல் நாய் தனியாக நின்ற நேரத்திலும் இடப்பக்கம்தான். அஞ்சலோ குவாரந்தா, மார்செல்லோ சினிஸ்கால்கி, ஜார்ஜோ வல்லோர்த்திகாரா ஆகிய மூவரும் இதை 2007-இல் ‘கரன்ட் பயாலஜி’ இதழில் வெளியிட்டார்கள்.

இங்கே வலம், இடம் என்பதெல்லாம் நாயின் வலமும் இடமும். நாய்க்கு எதிரே நிற்பவருக்கு அது மாறித் தெரியும். பின்னாலிருந்து பார்ப்பவருக்குத்தான் சரியாகத் தெரியும்.

முடிவுகளில் பூனையைப் பற்றியதுதான் மிக முக்கியம் என்று நான் நினைக்கிறேன். வலப்பக்கம் ஆடினால் மகிழ்ச்சி, இடப்பக்கம் ஆடினால் பயம் என்று செய்தித்தாள்கள் சுருக்கிச் சொல்லிவிட்டன. பூனையைக் கண்டு எந்த நாயும் அன்பில் உருகுவதில்லை. பாய்ந்து துரத்தத்தான் பார்க்கும். ஆனாலும் வால் வலப்பக்கமே சாய்ந்தது. ஆகவே வால் காட்டுவது இன்ப துன்பத்தை அல்ல; நெருங்கிப் போகும் எண்ணமா, விலகிப் போகும் எண்ணமா என்பதைத்தான். ‘வாலை ஆட்டுது, ஒண்ணும் செய்யாது’ என்று தெருவில் நாம் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்கிறோம். வால் ஆடுகிறது என்பதிலிருந்து நாய் கிளர்ச்சியாக இருக்கிறது என்பது மட்டும்தான் தெரியும்.

நாயின் பெருமூளை, நம்முடையதைப் போலவே, இரண்டு அரைக்கோளங்களாகப் பிரிந்திருக்கிறது. உடலின் வலப்பக்கத் தசைகளைப் பெரும்பாலும் இட அரைக்கோளமும், இடப்பக்கத் தசைகளை வல அரைக்கோளமும் இயக்குகின்றன; நரம்புப் பாதைகள் வழியில் குறுக்கே கடந்து எதிர்ப்பக்கம் போவதே காரணம். வால் வலப்பக்கம் கூடுதலாக இழுபடுகிறது என்றால் அந்த நேரத்தில் இட அரைக்கோளம் முந்தியிருக்கிறது என்று பொருள். உணவைத் தேடுவது, பழகியதை அடையாளம் காண்பது, ஒன்றை நோக்கிப் போவது போன்றவற்றில் இட அரைக்கோளத்தின் கை ஓங்கியிருக்கும். எதிர்பாராதது, புதியது, ஆபத்தானது வரும்போது வல அரைக்கோளம் முந்திக்கொள்ளும். இதயத்தைப் படபடக்க வைப்பதிலும் உடலைத் தப்பி ஓடத் தயார் செய்வதிலும் அதற்குத்தான் பெரிய பங்கு.

மனிதர்களை ‘இட மூளைக்காரர்’, ‘வல மூளைக்காரர்’ என்று பிரித்துப் பேசும் பேச்சுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. எந்த நாயும், எந்த மனிதரும், அரை மூளையால் வாழ்வதில்லை. சிறு மளிகைக் கடையில் கணவர் எடை போட, மனைவி கல்லாவில் உட்கார்ந்தபடி கடைக்குள் வருகிறவர்கள்மேல் ஒரு கண் வைத்திருப்பது போன்ற வேலைப் பங்கீடுதான் இது. தேவைப்பட்டால் இருவரும் எல்லா வேலையும் செய்வார்கள்.

இப்படிப் பங்கிட்டுக்கொள்வதால் என்ன லாபம்? அறிவியல் உலகம் இந்தக் கேள்வியைக் கேட்கவே நெடுங்காலம் ஆனது. பிரெஞ்சு மருத்துவர் பால் புரோக்கா, பேச்சு இடப்பக்க மூளையைச் சார்ந்தது என்று 1865-இல் எழுதினார். அதன்பின் ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக, மூளையின் பக்க வேறுபாடு பேசத் தெரிந்த மனிதனின் தனிச்சொத்து என்றே பலரும் நம்பினார்கள். அந்த நம்பிக்கையை அசைத்தவற்றில் முக்கியமானவை நாய்களல்ல, கோழிக்குஞ்சுகள்.

ஆஸ்திரேலிய விஞ்ஞானி லெஸ்லி ராஜர்ஸ் முட்டைக்குள் இருக்கும் குஞ்சைக் கவனித்தார். பொரிவதற்குச் சில நாள் முன்பு குஞ்சு தலையைத் திருப்பிச் சுருண்டு படுத்திருக்கும். அப்போது அதன் இடக்கண் உடம்போடு ஒட்டி மறைந்துவிடும்; வலக்கண் ஓட்டைப் பார்த்தபடி இருக்கும். ஓட்டின் வழியே கசியும் வெளிச்சம் வலக்கண்ணில் மட்டும் படுகிறது. பறவைகளில் கண் நரம்பு முழுவதும் எதிர்ப்பக்கம் போவதால் அந்தத் தூண்டுதல் மூளையின் ஒரு பாதிக்கே கிடைக்கிறது. அந்த வெளிச்சமும் கிடைக்காமல் முட்டையை இருட்டில் பொரிக்க வைத்தால், பார்வையில் அமையவேண்டிய பக்க வேறுபாட்டில் ஒரு பகுதி அமையாமலே போகிறது.

ராஜர்ஸும் வல்லோர்த்திகாராவும் இன்னொருவரும் 2004-இல் இரு வகைக் குஞ்சுகளுக்கும் ஒரு சோதனை வைத்தார்கள். தரையில் தானியமும் சிறு கற்களும் கலந்து கிடக்கும்; பொறுக்கித் தின்ன வேண்டும். அதே நேரம் தலைக்கு மேலே பருந்தின் நிழலுரு ஒன்று கடந்து போகும். வெளிச்சம் பட்ட முட்டையிலிருந்து வந்த குஞ்சுகள் இரண்டையும் சமாளித்தன: வலக்கண் தானியத்தில், இடக்கண் வானத்தில். இருட்டில் பொரிந்த குஞ்சுகள் தடுமாறின. பருந்தைக் கவனிக்கத் தொடங்கியதும் அவற்றுக்குக் கல்லும் தானியமும் குழம்பிப்போயின. தின்னவும் வேண்டும், தின்னப்படாமலும் இருக்க வேண்டும் என்ற நெருக்கடியில் வாழும் எந்த உயிருக்கும் மூளையைப் பங்கிடுவது லாபம்தான். மீன், தேரை, பறவை, குதிரை என்று தேடிய இடமெல்லாம் இந்தப் பங்கீடு தென்படுவதில் வியப்பில்லை. இந்த வரிசையில் நாய் பின்னால்தான் வந்தது. ஆனால் ஒரு விதத்தில் அது ஆய்வுக்கு மிக வசதியானது: உடம்பின் நடுக்கோட்டிலேயே, இரண்டு பக்கமும் தாராளமாகச் சாயக்கூடிய ஓர் உறுப்பு அதற்கு இருக்கிறது.

நாம் பார்க்கத் தவறுகிற இந்தச் சாய்வை மற்ற நாய்கள் பார்க்கின்றனவா? பாரிக் குழுவினர் 2013-இல் இந்தக் கேள்விக்கு வந்தார்கள். 43 நாய்களுக்கு, வால் ஆட்டும் இன்னொரு நாயின் வீடியோவையும் அதன் கறுப்பு நிழலுருவையும் காட்டினார்கள். பார்க்கும் நாயின் இதயத் துடிப்பு பதிவானது. திரையில் வால் இடப்பக்கம் ஆடியபோது துடிப்பு ஏறியது, பதற்றத்தின் அறிகுறிகள் கூடின. வலப்பக்கம் ஆடியபோது நாய் அமைதியாக இருந்தது. ஒரு நாய் இன்னொன்றுக்கு வேண்டுமென்றே சேதி அனுப்புகிறது என்று இதற்குப் பொருளல்ல. அதை ஆய்வாளர்களே தெளிவாகச் சொன்னார்கள். ஒரு மூளையின் உள்நிலை வாலில் வழிந்து வெளியே தெரிகிறது. பலமுறை பார்த்துப் பழகிய இன்னொரு மூளை அதைப் படித்துக்கொள்கிறது. டாபர்மேன், பாக்ஸர் குட்டிகளின் வாலை அழகுக்காக வெட்டுகிறவர்கள், அந்த நாய் வாழ்நாள் முழுவதும் மற்ற நாய்களிடம் காட்டவேண்டிய முகத்தில் பாதியை வெட்டி எறிகிறார்கள். இதை நான் வேறு விதமாகச் சொல்ல முடியாது.

வால் ஒரே நிலையில் நிற்பதுமில்லை. சீன ஆய்வாளர்கள் 2022-இல் 10 பீகிள் நாய்களை ஒரு புதிய மனிதரோடு மூன்று நாள் பழகவிட்டு, வால் நுனியின் ஒவ்வொரு அசைவையும் கணினியால் பின்தொடர்ந்தார்கள். பாரிச் சோதனையில் தெரியாத மனிதரைக் கண்டபோது இருந்ததைப் போலன்றி, முதல் நாள் சாய்வு இடப்பக்கம் இருந்தது. பழக்கம் கூடக்கூட வலப்பக்கம் நகர்ந்தது. மனிதர் மாறவில்லை, நாயும் மாறவில்லை. இருவருக்கும் இடையில் உண்டான நம்பிக்கைதான் மாறியது. அது பாகைக்கணக்கில் அளக்கக்கூடியதாக இருந்தது.

மூக்கின் கதை வேறு. கண், காது, தசை என்று பெரும்பாலான பாதைகள் குறுக்கே கடக்கின்றன. வாசனைப் பாதை மட்டும் கடப்பதில்லை. வலது மூக்குத் துளையில் நுழைந்த வாசனை வல அரைக்கோளத்துக்கே போகிறது. ஆகவே நாய் எந்தத் துளையால் முகர்கிறது என்பதைப் பார்த்தால், எந்தப் பக்கத்து மூளையிடம் அந்த வாசனையை ஒப்படைக்கிறது என்று நேரடியாகத் தெரிந்துவிடும். சினிஸ்கால்கியின் குழு 2011-இல் பஞ்சு சுற்றிய குச்சிகளில் வெவ்வேறு வாசனைகளைத் தடவி, கேமராவுக்குக் கீழே வைத்து நாய்களை முகரவிட்டது. உணவு, எலுமிச்சை, பெட்டை நாயின் சுரப்பு, வெறும் பஞ்சு, அட்ரினலின், ஒரு கால்நடை மருத்துவரின் வியர்வை.

குச்சியை நெருங்கும் நாய் முதலில் மூக்கைச் சற்றே திருப்பி, வலத்துளையை அதன் பக்கம் கொண்டுபோகிறது. புதிய பொருள் எதுவானாலும் முதலில் அப்படித்தான்: ஆபத்தைக் கவனிக்கும் பக்கம் முதலில் சோதிக்கிறது. அதே வாசனை மறுபடி மறுபடி வந்தால், ‘இது ஒன்றுமில்லை, எலுமிச்சைதான்’ என்று தெரிந்ததும் மூக்கு திரும்பி இடத்துளைக்கு மாறிவிடுகிறது. உணவுக்கும் அப்படியே. அட்ரினலினிலும் மருத்துவரின் வியர்வையிலும் மட்டும் அந்த மாற்றம் நடக்கவில்லை. எத்தனை முறை வைத்தாலும் வலத்துளையே. மருத்துவமனை வாசலிலேயே காலை ஊன்றிக்கொண்டு உள்ளே வர மறுக்கும் நாயைப் பார்த்திருப்பவர்களுக்கு, அது அடம் அல்ல என்பது இதிலிருந்து புரியும். அந்த வாசனை அதன் மூளையில் ‘பழகிப்போனது’ என்ற கணக்கில் ஏறுவதே இல்லை.

இதே குழு 2016-இல் செய்த தொடர் ஆய்வு இந்த எளிய சித்திரத்தைக் கலைத்தது. தனிமையில் விடப்பட்டுத் தவித்த நாய்களின் வாசனையை மற்ற நாய்கள் வலத்துளையால் முகர்ந்தன; எதிர்பார்த்ததுதான். ஆனால் பயந்த மனிதரின் வியர்வையை இடத்துளையால் முகர்ந்தன. மனிதனின் பயம் நாய்க்கு ஆபத்தின் அறிகுறியாக இல்லாமல், நெருங்கிப் போகத் தூண்டும் ஒன்றாக, ஒருவேளை துரத்தத் தூண்டும் ஒன்றாக இருக்கலாம் என்பது ஆய்வாளர்களின் விளக்கம். பயந்து ஓடுகிறவரைத்தான் நாய் துரத்தும் என்று ஊரில் பெரியவர்கள் சொல்லும் எச்சரிக்கையோடு இது நன்றாகப் பொருந்துகிறது.

காதுக்கு வருவோம். நாய் தட்டில் தலை கவிழ்ந்து தின்றுகொண்டிருக்கும்போது, சம தூரத்தில் இருபுறமும் வைத்த ஒலிபெருக்கிகளிலிருந்து ஒரே ஒலியை ஒரே நேரத்தில் எழுப்புவது 2008-இல் பாரியில் செய்த சோதனை. இடி முழங்கினால் தலை இடப்பக்கம் திரும்பியது. நாய்களின் குரல் வந்தால் வலப்பக்கம். 2018-இல் மனிதக் குரல்களை வைத்தபோது, பயக் குரலுக்கும் அழுகைக் குரலுக்கும் இடப்பக்கமும், சிரிப்புக்கு வலப்பக்கமும் திரும்பின. குரலுக்குப் பதில் மனித முகங்களின் படங்களை அதே ஆண்டில் காட்டியபோதோ, கோபமான முகம், பயந்த முகம் இவற்றோடு சிரித்த முகத்துக்கும் நாய்கள் இடப்பக்கமே திரும்பின. சிரிப்பொலி நல்லது, ஆனால் படத்தில் உறைந்துபோன சிரிப்பில் பற்கள் தெரிகின்றன. நாய்களின் உலகில் பல்லைக் காட்டுவது என்ன என்று நமக்குத் தெரியும். நாய் நம்மோடு ஆயிரக்கணக்கான ஆண்டுகள் வாழ்ந்தும் நம் முகத்தை நாயின் கண்ணால்தான் படிக்கிறது.

பேச்சைப் பற்றிய ஆய்வுகள் இன்னும் சிக்கலானவை. இங்கிலாந்தின் சசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் விக்டோரியா ராட்கிளிஃபும் டேவிட் ரெபியும் 2014-இல் 250-க்கும் மேற்பட்ட நாய்களுக்குப் பழகிய கட்டளை ஒன்றை மாற்றி மாற்றிக் கேட்கச் செய்தார்கள். சொற்கள் தெளிவாகவும் தொனி தட்டையாகவும் இருந்தபோது நாய்கள் வலப்பக்கம் திரும்பின. சொல்லைக் குலைத்துத் தொனியை மட்டும் விட்டுவைத்தபோது இடப்பக்கம். சொல்லுக்கு இட அரைக்கோளம், தொனிக்கு வல அரைக்கோளம் என்று மனிதரில் இருப்பதைப் போலவே இது தோன்றியது.

அடுத்து 2016-இல் புடாபெஸ்டிலிருந்து ‘சயின்ஸ்’ இதழில் வந்தது அட்டிலா அண்டிச் குழுவின் ஆய்வு. எம்.ஆர்.ஐ. கருவிக்குள் அசையாமல் படுத்திருக்கப் பழக்கிய 13 நாய்களுக்குப் பாராட்டுச் சொற்களையும் அவற்றுக்குப் பொருள் தராத இணைப்புச் சொற்களையும், பாராட்டும் தொனியிலும் சாதாரணத் தொனியிலும் கேட்கச் செய்தார்கள். பொருளுள்ள சொற்களுக்கு இட அரைக்கோளம் கூடுதலாகச் செயல்பட்டது என்ற செய்தி உலகம் முழுக்கப் போனது. மறு ஆண்டு அதே ஆய்வாளர்கள் ஒரு திருத்தம் வெளியிட்டார்கள்: மூளைப் படங்களைக் கையாண்டபோது இடமும் வலமும் தவறுதலாக மாறிவிட்டன, செயல்பட்டது உண்மையில் வல அரைக்கோளம். சொல்லும் தொனியும் இரண்டும் பாராட்டாக இருந்தால்தான் மூளையின் வெகுமதிப் பகுதி விழித்துக்கொள்கிறது என்ற அவர்களின் இன்னொரு முடிவு திருத்தத்தால் பாதிக்கப்படவில்லை. எனக்கு அதுதான் அந்த ஆய்வின் உயிர்ப்பகுதி. தங்கள் பிழையைத் தாங்களே கண்டு அச்சில் சொன்ன அந்தக் குழுவின்மேல் எனக்கு மதிப்பு கூடியது. ஆனால் திருத்தம் வந்தபின், தலை திரும்பும் சோதனையும் மூளைப் படமும் பேச்சு விஷயத்தில் எதிரெதிர்ப் பக்கம் காட்டுகின்றன. ஒவ்வொரு காதும் இரண்டு அரைக்கோளங்களுக்குமே சேதி அனுப்புகிறது, எதிர்ப்பக்கத்துக்குச் சற்று வலுவாக. எனவே தலை திரும்புவதை மட்டும் வைத்து அரைக்கோளத்தை உறுதியாகச் சொல்வது மூக்கைப் போல அவ்வளவு நேரான வழி அல்ல. நாய் நம் சொற்களை எங்கே வைத்துப் புரிந்துகொள்கிறது என்பதில் முடிவுக்கு வர இன்னும் நாளாகும்.

இனி கால். வளர்ப்பவர்கள் முதலில் கேட்பது இதைத்தான்: என் நாய் வலதுகாலியா, இடதுகாலியா? துருக்கியில் 1987-இல் உனெர் தான் நாய்களின் கண்மேல் பிளாஸ்திரி ஒட்டி, எந்த முன்காலால் அதை எடுக்கின்றன என்று பார்த்தார். பாதிக்கும் மேற்பட்டவை வலக்காலைப் பயன்படுத்தின. பெல்ஃபாஸ்டில் டெபோரா வெல்ஸ், பெண் நாய்கள் வலக்காலையும் ஆண் நாய்கள் இடக்காலையும் விரும்புவதாகக் கண்டார். வேறு சில இடங்களில் அந்த வேறுபாடு தென்படவே இல்லை. 2019-இல் இந்த ஆய்வுகளையெல்லாம் சேர்த்து ஆராய்ந்தபோது, 68 சதவீத நாய்களுக்கு ஏதோ ஒரு கால் பிடித்தமானது என்பது தெரிந்தது. ஆனால் நாயினம் முழுவதுக்கும் பொதுவாக ஒரு பக்கம் என்று எதுவும் இல்லை. 2021-இல் லிங்கன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கிட்டத்தட்ட 18,000 நாய்களின் தகவலைத் திரட்டினார்கள். ஒரு குழாய்க்குள் உணவை வைத்து, எந்தக் காலால் எடுக்கிறது என்று வீட்டுக்காரர்களே பார்த்துச் சொன்னார்கள். பிடித்தமான கால் உள்ள நாய்களில் 58.3 சதவீதம் வலதுகாலிகள். மனிதரில் பத்துப் பேரில் ஒன்பது பேர் வலக்கைப் பழக்கம் உள்ளவர்கள் என்பதோடு ஒப்பிட்டால் இது மிக மெல்லிய சாய்வு.

இந்தக் குழப்பத்துக்குச் சோதனைகளும் ஒரு காரணம். பரவலாகப் பயன்படுவது காங் என்ற ரப்பர் பொம்மை. நடுவில் பொந்து உள்ள கூம்பு; அதற்குள் உணவை அடைத்துக் கொடுத்தால், நாய் அது உருளாமல் ஒரு காலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு நாக்கை விடும். பிடிக்கும் காலை எண்ணுகிறார்கள். ஆனால் நாய் தன் எடையைத் தாங்க ஊன்றியிருக்கும் மற்றக் கால்தான் அதன் திறமையான கால் என்றால்? நாம் தேங்காயை இடக்கையில் பிடித்துக்கொண்டு வலக்கையில் அரிவாளை எடுக்கிறோம். பிடித்த கையை எண்ணுகிறவர் நம்மில் பெரும்பாலோரை இடக்கைக்காரர் என்று எழுதிவிடுவார். வாலையும் மூக்கையும் நம்புகிற அளவுக்கு நான் காலை நம்பாததற்குக் காரணம் இதுதான். ஒரு நாய் எந்தக் காலை நீட்டுகிறது என்பதை வைத்து அதன் குணத்தைத் தீர்மானிக்கச் சொல்லும் எவர் பேச்சையும் கேட்க வேண்டாம்.

கால் ஆய்வுகளில் ஒன்றை மட்டும் நான் மறக்க மாட்டேன். பிரான்சன் என்ற ஆய்வாளரும் லெஸ்லி ராஜர்ஸும் 2006-இல் 48 நாய்களுக்குக் காங் சோதனை வைத்துவிட்டு, இடியோசையையும் வெடிச்சத்தத்தையும் கேட்கச் செய்தார்கள். எந்தக் கால் என்பது அங்கே முக்கியமாக இருக்கவில்லை. ஏதாவது ஒரு காலை உறுதியாகப் பற்றியிருந்த நாய்கள் சத்தத்தைத் தாங்கின. இரண்டு காலையும் ஏறக்குறைய சமமாகப் பயன்படுத்திய நாய்கள்தான் அதிகம் மிரண்டன. தீபாவளி இரவில் கட்டிலுக்கடியில் நடுங்கிக் கிடக்கும் நாய்களையும், வெடிக்குப் பயந்து தெருத் தெருவாக ஓடி வழி தவறிப் போகும் நாய்களையும் ஆண்டுதோறும் பார்க்கிற நமக்கு இது வெறும் ஆய்வகச் செய்தி அல்ல. ஒரு பக்கம் முந்திக்கொள்ளாத மூளையில் அச்சத்தைக் கட்டுப்படுத்தும் ஏற்பாடு தளர்ந்திருக்கிறதா? அல்லது குட்டிப் பருவத்தில் பட்ட மிரட்சி, அந்தப் பங்கீடு சரியாக அமையாமல் தடுத்துவிட்டதா? முட்டை ஓட்டில் விழும் கொஞ்சம் வெளிச்சம் கோழிக்குஞ்சின் மூளையையே மாற்றுகிறது என்றால், தாயின் மடியில் கண் திறக்கும் நாட்களில் ஒரு நாய்க்குட்டி கேட்பதும் முகர்வதும் என்னவெல்லாம் செய்யக்கூடும்? வளர்ந்த நாய்களைச் சோதித்து இதற்கு விடை காண முடியாது. குட்டிகளைப் பிறந்த வாரத்திலிருந்து பல தீபாவளிகள் தாண்டும்வரை தொடர்ந்து கவனித்தால்தான், எது காரணம், எது விளைவு என்று பிரித்துச் சொல்ல முடியும்.